சேலையூர் மச்சானின் சிறுகுறிஞ்சான்

என் மனைவி லில்லி என்னை மலேசியாவில் நாங்கள் இருக்கும் ஈப்போவிலிருந்து தாம்பரத்துக்கு அனுப்பியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வரத்தான். அவளுடைய அண்ணன் சேலையூரில் காய்ச்சிக் குடிக்கும் இலைச்சாறு உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கிறதா, இல்லையா? குறைக்கிறது என்றால் நான் ஒரு பாட்டிலோடு திரும்ப வேண்டும். இல்லையென்றால் அவள் இன்சுலின் போட்டுக்கொள்வாள். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்சுலின் பேனா பல வாரமாக எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பக்கத்தில் பிரிக்காமலே கிடந்தது. லில்லியின் கால்விரல்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. இன்னும் தள்ளிப் போட்டால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

லில்லிக்கு வலியைக் கண்டு பயம் கிடையாது, மூன்று பிள்ளை பெற்றவள். ஆனால் அவளுடைய அப்பாவுக்கு இன்சுலின் ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஊசி என்றால் கடைசிக் கட்டம். ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார், நானும் சொல்லிப் பார்த்தேன். "எங்க அண்ணன் இலையிலயே கட்டுப்பாட்டுல வச்சிருக்காரு. நீங்க போய்க் கண்ணால பாத்துட்டு வாங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதைக் கேக்கறேன்" என்று முடித்துவிட்டாள். நான் சொல்வதைக் கேட்பதாக அவள் சொன்னது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. மனசு மாறுவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

அவள் என்னை நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சந்தைக் கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதுதான் நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை. ஒரு கிலோ என்று எவன் சொன்னாலும் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். இந்தக் குணத்தால் சொந்தக்காரர்கள் யாரும் என்னைத் தங்கள் வீட்டு விசேஷத்தில் பந்தி விசாரிக்க விடுவதில்லை.

விமான நிலையத்துக்கு மச்சான் ஞானராஜே வந்திருந்தார். லில்லிக்கு நேர் மூத்தவர், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "மாப்ள, ஏன் இப்படி இளைச்சிட்டீங்க?" என்றார். நான் இளைக்கவில்லை. தொப்பையைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசக்கூடாது என்பதால் அப்படிக் கேட்டார்.

ஆட்டோ பல்லாவரத்தைத் தாண்டியதும் நின்றது. குரோம்பேட்டையில் மறுபடி நின்றது. ஈப்போவில் ஒருவன் ஹார்ன் அடித்தால் முன்வண்டிக்காரன் இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்பான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹார்ன் அடிக்காதவனைத்தான் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "இன்னா சார், மலேசியாவுல டிராஃபிக்கே கெடியாதா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். இருக்கிறது, ஆனால் வரிசையில் நிற்கும் என்றேன். "வரிசைல நின்னா வூடு போய்ச் சேர முடியுமா சார்?" என்று கேட்டுவிட்டு ஒரு பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் வண்டியை நுழைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தாம்பரம் சானடோரியம் வந்திருந்தது.

வீட்டில் எஸ்தர் அக்கா, அதாவது மச்சானின் மனைவி, மாப்பிள்ளை விருந்தைத் தயாராக வைத்திருந்தார். மட்டன் பிரியாணி, கத்திரிக்காய், வறுத்த வஞ்சிரம், கடைசியில் நெய் மிதக்கும் ரவா கேசரி. எனக்கு வியப்பு என்னவென்றால், மச்சானும் கேசரி சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டும் வாங்கினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நாளைக் காலைல மீட்டரப் பாருங்க மாப்ள, அப்புறம் பேசுங்க" என்றார்.

மறுநாள் காலையில் விரலில் குத்தி, மீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நூற்றுப் பதினெட்டு என்று காட்டியது. நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். எங்கள் ஊர் மீட்டரில் ஆறு, ஏழு என்றுதான் வரும். பதினைந்தைத் தொட்டாலே லில்லி படுத்துவிடுவாள். இந்த மனிதர் நூற்றுப் பதினெட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாரே! எஸ்தர் அக்காதான் காப்பாற்றினார். "தம்பி, உங்க ஊர் கணக்கு வேற, எங்க ஊர் கணக்கு வேற. லில்லி போன்ல சொல்லும்போதெல்லாம் பதினெட்டால பெருக்கித்தான் நாங்க புரிஞ்சுக்குவோம்." மனக்கணக்காக வகுத்துப் பார்த்தேன். ஆறரை வந்தது. கேசரி சாப்பிட்ட மறுநாள் ஆறரை! உள்ளூரப் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு மச்சான் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மதில்சுவர் முழுக்கச் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருந்தது. கரும்பச்சையாக, பார்க்க ஒன்றும் பிரமாதமாக இல்லை. "ஒரு இலை மெல்லுங்க" என்றார். மென்றேன். கசந்தது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு நேற்றைய கேசரியில் ஒரு கரண்டி நீட்டினார்.

அந்த அனுபவத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாயில் இருந்தது நெய் தடவிய ஈரமணல். முந்திரி தெரிந்தது, ஏலக்காய் தெரிந்தது, இனிப்பு மட்டும் சுத்தமாக இல்லை. சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டேன். மண். அப்புறம் எஸ்தர் அக்கா கொடுத்த காபியும் வெறும் சூடான கசப்புத் தண்ணீராக இறங்கியது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் நாக்கு வழிக்கு வந்தது. "இதுக்குப் பேரே சர்க்கரைக்கொல்லி" என்றார் மச்சான், தானே கண்டுபிடித்தது போல.

இலையை மெல்வது அவருக்கு ஆசையை அடக்க. உண்மையான மருந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. சிறுகுறிஞ்சான் இலையோடு ஆவாரம்பூவும் நாவல்கொட்டைப் பொடியும் போட்டுச் சுண்டக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, பழைய காபித்தூள் பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள். கறுப்பாக, தார் மாதிரி இருந்தது. மச்சான் அதைக் கஷாயம் என்று சொல்ல விடமாட்டார். "எக்ஸ்ட்ராக்ட்" என்பார். சர்ச்சில் நாலைந்து பேர் அவரிடம் வாங்கிப் போகிறார்களாம். எவ்வளவு இலை போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு கைப்பிடி" என்றார் எஸ்தர் அக்கா. யாருடைய கை என்று கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் லில்லி வீடியோவில் வந்தாள். "அண்ணனுக்கு எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்டாள். ஆறரை என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல மாதமாகிவிட்டது. "நான்தான் சொன்னேனே" என்றாள். மச்சான் எனக்காக ஒரு பாட்டிலைத் தனியே எடுத்து வைத்தார். அதைக் கைலியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கே நான் பாதி நம்பிவிட்டேன்.

மீதிப் பாதிக்காக மூன்றாம் நாள் கிளம்பினேன். சானடோரியம் பக்கம் ஒரு பெரிய சித்த மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், ஆந்திராவிலிருந்து வந்தவர் போலிருக்கிறது, மனைவியிடம் தெலுங்கில் ஏதோ அலுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவரிடம் அர்த்தம் கேட்டேன். "ரெண்டு மாசமா பாகற்காய் தின்னு தின்னு உன் மூஞ்சியப் பாத்தாலே கசக்குதுன்றாரு" என்று சிரிக்காமல் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் பதிலே சொல்லவில்லை. என் மனைவியாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

உள்ளே இருந்த டாக்டர் இளம்பெண். நான் நோயாளி இல்லை, மச்சானின் இலைச்சாறு பற்றிக் கேட்க வந்தவன் என்றதும் கோபித்துக்கொள்ளாமல் பொறுமையாகக் கேட்டார். "இங்கிலீஷ் மாத்திரை என்ன எடுத்துக்கறாரு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். இலை மட்டும்தான்."

"அவர் சொன்னாரா, நீங்களே சொல்றீங்களா?"

மச்சான் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. லில்லிதான் எப்போதும் சொல்வாள். அதைச் சொன்னேன். "வீட்டுக்குப் போய் நல்லா கேளுங்க சார். இந்த மருந்தையும் அளந்துதான் கொடுக்கணும், ஆளப் பாத்துத்தான் கொடுக்கணும். அவர இங்க கூட்டிட்டு வாங்க. பாட்டில மட்டும் வெளிநாட்டுக்குக் கொண்டு போய்டாதீங்க" என்றார்.

மத்தியானம் மச்சானின் பக்கத்து வீட்டுப் பெண் ரம்யா தன்னுடைய கல்லூரி ஆய்வகத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். தாவரச் சாறும் நீரிழிவும்தான் அவளுடைய ஆராய்ச்சி. அங்கே ஒரு கண்ணாடிக் குடுவை வெந்நீர்த் தொட்டியில் சாய்ந்தபடி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இலையைச் சாராயத்தில் ஊறவைத்து, சாராயத்தை ஆவியாக்கிப் பிரித்தால் அடியில் பச்சைக் கறுப்பாகப் பசை நிற்கிறது. மச்சானுடைய பாட்டிலில் இருப்பதும் இதுதானே என்று கேட்டேன்.

"அங்கிள் தண்ணில காய்ச்சறாரு. தண்ணில இறங்கற சத்து வேற, இதுல இறங்கறது வேற" என்றாள். "அதே கொடியில மழைக்கு முன்னாடி பறிச்ச இலையும் பின்னாடி பறிச்ச இலையும்கூட ஒரே மாதிரி இருக்காது."

"சுகர் குறையுதா, அதச் சொல்லும்மா."

"எலிக்குக் குறையுது. நாங்களே மருந்து கொடுத்து சுகர் வர வச்ச எலிக்கு. தினமும் எலிய எடை போட்டு, அந்த எடைக்குத் தகுந்த மாதிரி அளந்து கொடுப்போம்."

"மனுஷனுக்கு?"

"சின்னச் சின்னதா சில ஆராய்ச்சி வந்திருக்கு. நல்லதாத்தான் தெரியுது. ஆனா போதாது அங்கிள். நாங்க ரொம்ப ஆரம்பத்துல நிக்கறோம்."

எலியை எடை போடுகிறார்கள் என்றதும் எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று. திரும்பும்போது கேம்ப் ரோடு முனையில் வடகறியும் செட்தோசையும் வாங்கித் தந்தேன். வடகறி என்பது பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பாக்குவது. இதை எங்கள் ஊரில் யாரும் ஏன் செய்வதில்லை என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் மச்சானிடம் மாத்திரை பற்றிக் கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தபோது சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் எதிரில் கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போல ஆகும். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் மறைமலை நகரில் விருந்து. எஸ்தர் அக்காவின் தங்கை வீடு அங்கே இருக்கிறது. மலேசியா மாப்பிள்ளை வந்திருக்கும்போது கூப்பிட்டுச் சோறு போடாவிட்டால் காலத்துக்கும் பேச்சாகிவிடும் என்று பிடிவாதமாக அழைத்திருந்தார்கள். சமையலுக்குக் கைகொடுக்க அக்கா முதல் நாளே போய்விட்டார். ஆகவே அன்று காலையில் அடுப்படி மச்சானின் கையில்.

மச்சானின் கை, அக்காவின் கையைவிட ஒன்றரை மடங்கு பெரியது. அதில் அவர் இரண்டு கைப்பிடி அள்ளிப் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க பாயசம் இருக்கும், பால்கோவா இருக்கும். வேணாம்னா அவங்க மனசு கஷ்டப்படும். நாளைக்குக் காலைல உங்க எதிர்ல மீட்டர் ஏறிடுச்சுன்னா என் மானமே போயிடும் மாப்ள. கொஞ்சம் ஸ்ட்ராங்காவே போகட்டும்" என்றார். ஒரு டம்ளர் நிறையக் குடித்தார். காலைப் பலகாரம் வேண்டாம் என்றுவிட்டார். "விருந்துக்குப் போறவன் வயித்த ரொப்பிக்கிட்டுப் போகலாமா?" நானும் அது நியாயம்தான் என்று நினைத்தேன். இட்லி எனக்கு மட்டும் வந்தது.

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. கூட்டம் எங்களை ஏற்றியது. எதிரே ஒரு கல்லூரிப் பெண், பக்கத்தில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு வடநாட்டு இளைஞர்கள். பெருங்களத்தூர் தாண்டியதும் மச்சான் சட்டைப்பையிலிருந்து இரண்டு இலையை எடுத்து மென்றார். "பால்கோவாவப் பாத்தா ஆசை வரக்கூடாது பாருங்க." வண்டலூர் போனது. அதற்கப்புறம் நடுவழியில் ரயில் நின்றது.

சிக்னல் என்றார்கள். முன்னால் ஏதோ வண்டி பழுது என்றார்கள். எங்கள் ஊரில் ரயில் நின்றால் மூன்று மொழியில் அறிவிப்புச் செய்து மன்னிப்புக் கேட்பார்கள், ரயில் மட்டும் நகராது. இங்கே அறிவிப்பும் இல்லை. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மத்தியானச் சோற்று நேரம் தாண்டிக்கொண்டிருந்தது.

மச்சான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். எல்லோருக்கும்தான் வேர்க்கிறது என்று இருந்தேன். பிறகு பார்த்தால் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, விரல்கள் நடுங்கின. "மச்சான், உடம்புக்கு என்ன?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை என்மேல் நிற்கவில்லை.

"நீங்க எங்க சார் இறங்கணும்?" என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "என் மாப்ள வர்றாரு சார் மலேசியாவுலேர்ந்து. நான் ஏர்போர்ட் போகணும். கதவத் திறக்கச் சொல்லுங்க" என்று எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். கையைத் தட்டிவிட்டார். மாரடைப்பா, பக்கவாதமா, ஒன்றும் புரியவில்லை.

வடநாட்டு இளைஞர்களில் ஒருவன் எழுந்து மச்சானின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னான். அதில் எனக்குப் புரிந்தது 'சுகர்' என்ற சொல் மட்டும்தான். கல்லூரிப் பெண் சொன்னாள்: "அவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆகுமாம் அங்கிள். சுகர் இறங்கிடுச்சு, சீக்கிரமா இனிப்பு ஏதாவது கொடுங்கன்றாரு." அவளே தன் பையிலிருந்து ஒரு மிட்டாயைப் பிரித்து நீட்டினாள். மச்சானின் வாயில் வைத்தேன். அடுத்த நொடி வெளியே துப்பினார். "மண்ணு! வாயில மண்ணப் போடறான் சார் இந்த ஆளு!" என்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

இலை! மென்றாரே! அந்த நாக்குக்கு உலகத்தில் உள்ள எல்லாச் சர்க்கரையும் இப்போது மண்தான். இன்னொரு மிட்டாய் கொடுத்தாலும் துப்புவார். அந்த இளைஞன் தன் பையிலிருந்து ஆரஞ்சுக் குளிர்பானப் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தான். எனக்கு அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ தெரியவில்லை, மச்சானின் காதருகில் போய், "சார், மருந்து சார். எஸ்தர் அக்கா கொடுத்துவிட்டாங்க. எக்ஸ்ட்ராக்ட்" என்றேன்.

எஸ்தர் என்ற பெயரைக் கேட்டதும் அடங்கினார். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அவருக்கு அது மருந்து போலவே இருந்திருக்க வேண்டும். பிறகு மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவர் விழுங்க விழுங்க நான் அந்தக் குரல்வளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, லில்லிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் மனதில் ஓடியது.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. என்னைப் பார்த்தார். "மாப்ள, ரயில் ஏன் நிக்குது?" என்றார். நான் அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணும் ஏன் என்று தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரயில் நகர்ந்து கூடுவாஞ்சேரி வந்ததும் இறங்கி, ஸ்டேஷனுக்கு வெளியே முதலில் கண்ணில் பட்ட கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டரம்மா மீட்டரில் பார்த்தார். குளிர்பானம் குடித்த பிறகும் எழுபதைத்தான் தொட்டிருந்தது. "என்ன மாத்திரை போடறீங்க?" என்றார்.

"இலை மட்டும்தான் டாக்டர்" என்று நான் ஆரம்பிப்பதற்குள், மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். காலையில் போட்ட இடம் காலியாக இருந்தது.

"மச்சான், இது...? நீங்க மாத்திரையே போடறதில்லன்னு லில்லி..."

"இதுவா? இது வேலைக்குப் போய்க்கிட்டிருந்த காலத்துலேர்ந்து போடறது மாப்ள" என்றார், ஏதோ நான் புத்தி கெட்டுக் கேட்டுவிட்டது போல. "காலைல பல்லு தேய்க்கறேன், சட்டை மாட்டறேன், இதப் போட்டுக்கறேன். இத எல்லாமா ஒருத்தர்கிட்ட சொல்லுவாங்க? லில்லி என்ன மருந்து குடிக்கறேன்னு கேட்டா. எக்ஸ்ட்ராக்ட்னு சொன்னேன்."

பொய் சொல்லும் முகம் இல்லை அது. எத்தனையோ வருடமாகத் தினமும் விழுங்கும் மாத்திரை அவருக்கு மருந்துக் கணக்கிலேயே இல்லை. யோசித்துப் பார்த்தால் என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், ஒன்றும் இல்லை, ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும்தான் என்பார்.

டாக்டரம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டார். "இதுல எது எவ்வளவு இறக்குச்சுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது. மாத்திரை போட்டீங்க, சாப்பிடல, அதுக்கு மேல இலை. மூணும் சேந்துடுச்சு. மாத்திரையோட வேலை இன்னும் முடியல, அதனால இன்னைக்குப் பூரா அடிக்கடி பாக்கணும். உங்க டாக்டர்கிட்ட இலையைப் பத்தியும் சொல்லுங்க. சொல்லாம எதையும் குடிக்காதீங்க" என்றார்.

விவரம் தெரிந்து எஸ்தர் அக்கா மறைமலை நகரிலிருந்து விருந்தைத் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தார். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து மட்டன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். நான் சாப்பிட்ட மாப்பிள்ளை விருந்துகளில் இதுதான் ருசியானது. "ரெண்டு கைப்பிடியா? ரெண்டா?" என்று அக்கா கேட்டுக்கொண்டே பரிமாறினார். மச்சான் தட்டை விட்டு நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, கைலிக்குள் இருந்த பாட்டிலை எடுத்து அடுப்படியில் வைத்தேன். மச்சான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள, லில்லிகிட்ட இன்னைக்கு நடந்ததச் சொல்லாதீங்க. அவ என்னை அவ்வளவு நம்பிக்கிட்டு இருக்கா."

"நீங்க மாத்திரை இல்லாம இருக்கீங்கன்னு நம்பித்தான் அவ ஊசிய எடுக்காம இருக்கா மச்சான்" என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

லில்லி கூப்பிட்டபோது அங்கே அவள் படுக்கப் போகும் நேரம். நான் போனை எடுப்பதற்குள் மச்சான் வாங்கிக்கொண்டார். ரயில், மிட்டாய், மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் அவரே சொன்னார். லில்லி கடைசியில் என்னைக் கேட்டாள்: "அப்போ இலை பொய்யா?"

"பொய்யில்ல லில்லி. அது வேலை செய்யுது. எவ்வளவு செய்யும்னுதான் யாருக்கும் தெரியல. ஒரு நாள் ஒண்ணும் செய்யாது, ஒரு நாள் ஆளையே சாய்ச்சுடும். அளவு தெரியாத ஒண்ண உனக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. பாட்டிலக் கொண்டு வரல."

அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு ஊசி போட்டப்புறம்தானே அண்ணா..." என்றாள்.

மச்சானின் குரல் உடைந்தது. "டாக்டர் அதுக்கு ரொம்ப முன்னாடியே சொன்னாரும்மா. நீ அப்போ கல்யாணமாகி அங்க போயிட்ட. வேணாம் வேணாம்னு தள்ளிப் போட்டது நானும் அம்மாவும்தான். கடைசில போட்டோம். அதனாலதான் அது கடைசின்னு ஆயிடுச்சு."

இது எனக்கும் தெரியாத செய்தி. எஸ்தர் அக்கா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

லில்லி எழுந்து போனாள். திரையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் காலி நாற்காலியும் மட்டும் தெரிந்தன. ஃபிரிட்ஜ் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்தாள். நர்ஸ் சொல்லிக் கொடுத்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைப் பிரித்தாள், ஊசியை மாட்டினாள், அளவைத் திருகினாள். "டாக்டர் எழுதினது பத்து யூனிட். சரியா பாருங்க" என்று பேனாவைத் திரைக்கு அருகில் காட்டினாள். பத்து. வாழ்நாள் முழுவதும் அளவு பார்த்தவன் நான், ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். "சரிதான், போடு" என்றேன்.

சட்டையை விலக்கி, வயிற்றுச் சதையைப் பிடித்து, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு அழுத்தினாள். நர்ஸ் சொன்னபடி உதட்டை அசைத்து எண்ணிவிட்டு ஊசியை எடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள். யாரோ இத்தனை காலம் தன்னை ஏமாற்றிவிட்டது போல இருந்தது குரல்.

மச்சானைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, முணுமுணுவென்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. போனை அவர் பக்கமாகத் திருப்பினேன்.

லில்லி திரைக்கு மிக அருகில் குனிந்து வந்தாள்.

"அண்ணா, கண்ணத் தொற. நான் இங்கதான் இருக்கேன்."